பேச்சிச்செல்வியின் ஓரச் சிப்பாய்

பேச்சிச்செல்விக்கு ஐம்பத்தெட்டு வயது. படித்தது ஆறாம் வகுப்பு, அதுவும் அரைப்பரீட்சை வரைக்கும்தான். ஏரல் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர். நாற்று நட்ட கையோடு தூத்துக்குடிக்கு வந்து துறைமுகத்தில் நிலக்கரி அள்ளியவள். இன்றைக்குக் கப்பலில் கரி வந்து இறங்கினால், அது நல்ல கரியா மட்டமான கரியா என்று ஆய்வுக்கூடம் சொல்வதற்கு முன்னால் சாம்பிள் எடுத்துக் கொடுக்கிற ஒப்பந்தக்காரி அவள். அவளுக்குக் கீழே பதினான்கு பேர். யாரும் கைதூக்கிவிட்டு மேலே வந்தவள் இல்லை. இதை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லாமல் இருக்க மாட்டாள். சொல்லட்டுமே, உண்மைதானே.

சாம்பிள் எடுப்பது என்றால் சும்மா ஒரு வாளி அள்ளிக் கொடுத்துவிடுவது என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் வருஷம் அவளும் அப்படித்தான் நினைத்தாள். மலை போலக் கொட்டிக்கிடந்த குவியலைச் சுற்றி வந்து, கைக்கு எட்டின அடியில் இருந்தே பத்து வாளி அள்ளிக் கொடுத்தாள். ஆய்வுக்கூடத்தில் சாம்பல் பதினோரு சதவீதம் என்று வந்தது. வாங்கினவன் எரித்துப் பார்த்தால் பதினாறு. பெரிய ரகளை. மறுபடி ஆள் வந்து, குவியலின் உச்சி, நடு, வயிறு, அடி என்று நாற்பது இடத்தில் குடைந்து எடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கரியை மேலே இருந்து கொட்டும்போது பெரிய கட்டிகள் உருண்டு உருண்டு அடிக்கு வந்துவிடும். தூள் நடுவிலேயே தங்கிவிடும். கட்டியில் சாம்பல் குறைவு, தூளில் அதிகம். அடியில் மட்டும் அள்ளினால் கட்டி மட்டும்தான் வாளிக்கு வரும். அன்றைக்கு மேஸ்திரி பேசின பேச்சைப் பேச்சிச்செல்வி இன்னும் மறக்கவில்லை. ஆனால் அந்தத் தப்பை அதற்கப்புறம் ஒரு நாளும் செய்யவில்லை. எடுத்த கரியை எல்லாம் ஒன்றாகக் கலந்து, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டைத் தள்ளிவிட வேண்டும். மறுபடி கலக்க வேண்டும், மறுபடி நாலாகப் பிரிக்க வேண்டும். கடைசியில் கையில் நிற்கிற இரண்டு கிலோவில் அறுபதாயிரம் டன் கப்பலும் அடக்கம். அந்த வேலையில் அவளை மிஞ்ச இந்தக் கடற்கரையில் இன்னொரு கை கிடையாது.

இப்படிப்பட்டவளுக்குச் சதுரங்கம் எங்கிருந்து வந்தது என்றால், அதுவும் துறைமுகத்தில் இருந்துதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கப்பல் கரைக்கு வர இடம் இல்லாமல் வெளிக்கடலிலேயே மூன்று நாள் நின்றது. காத்துக்கிடந்த நேரத்தில் ஒரு டிரெய்லர் ஓட்டுநர் அட்டையை விரித்து அவளுக்குக் காய் நகர்த்தக் காட்டினார். ஒரு மாதத்தில் அவரைத் தோற்கடித்தாள். ஆறு மாதத்தில், லாரிகள் காத்துக்கிடக்கிற கொட்டகையில், புதிதாக வருகிற ஓட்டுநர்களைத் தவிர அவளோடு ஆட யாரும் முன்வரவில்லை.

அவள் ஆட்டத்தில் ஒரு விசேஷம். உலகம் முழுக்க வெள்ளைக்காயை எடுத்தவன் நடுச் சிப்பாயைத்தான் முதலில் தள்ளுவான். பேச்சிச்செல்வி வலது ஓரத்தில், யானைக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகக் கண்டுபிடித்தது. "நடுவுல எல்லாரும் முட்டிக்கிட்டு நிக்கட்டும். நான் ஓரமாப் போயி வாசலத் தட்டுதேன்" என்பாள்.

தூத்துக்குடியில் கிரேட் காட்டன் ரோட்டில் ஒரு மாடியில் முத்துக்கரை சதுரங்க மன்றம் இருக்கிறது. அங்கே சந்தா கட்டிச் சேர்ந்து ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமும் மாவட்டக் குழுப்போட்டிக்கு அவள் பெயர் மாற்று ஆட்டக்காரர் என்றே போனது. நாலு மேசைக்கு நாலு பேர் ஆடுவார்கள். அவள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து, அணிக்கு வாங்கின மக்ரூன் இனிப்பு டப்பாவைக் காவல் காப்பாள். ஒரு தடவைகூட நாற்காலி கிடைக்கவில்லை.

இந்த வருஷம் நாலாவது மேசைக்காரர் மகளோடு இருக்க அபுதாபிக்குப் போய்விட்டார். இடம் காலி. அந்த நாற்காலி ஒன்றுதான் பேச்சிச்செல்விக்கு வேண்டும். போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம்.

மன்றத்தின் அணித் தலைவர் தேசிக். ஆழ்வார்திருநகரிக்காரர், மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். நல்ல மனிதர், ஆனால் எதையும் எண்ணாகப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லார் முன்னாலும் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"பேச்சிம்மா, தப்பா எடுத்துக்காதீங்கோ. இணையத்துல லட்சக்கணக்கான ஆட்டம் கிடக்கு. நடுச் சிப்பாயைத் தள்ளினவா நூத்துக்கு அம்பது ஜெயிச்சிருக்கா. உங்க ஓரச் சிப்பாய்க்கு நாப்பத்திநாலு. இதை வெச்சுண்டு எப்படி நான் உங்களை மேசையில உக்கார வைப்பேன்? நடுச் சிப்பாய்க்கு மாறுங்கோ, இடம் உங்களுக்கு. இல்லேன்னா டிக்சனுக்கு."

டிக்சன் சுங்க முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன், முப்பது வயது, ரேட்டிங்கில் அவளைவிடக் கொஞ்சம் மேலே. வாய் சும்மா இருக்காது. "பேச்சியக்கா, நாப்பத்திநாலுன்னா பாஸ்தான். எங்க அப்பா எனக்கு அதுக்கே பரோட்டா வாங்கிக் கொடுத்தாவ" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

பேச்சிச்செல்வி தோள்பையில் இருந்து தன் நோட்டை எடுத்து, தேசிக்கின் தாள் மேல் பட்டென்று வைத்தாள். கொட்டகையில் அவள் ஆடின ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு கோடு. "இருநூத்திப் பன்னிரண்டு ஆட்டம் சார். நூத்தி அம்பத்தொண்ணு செயிச்சிருக்கேன். எழுவத்தொரு சதவீதம். ஒம்ம இணையம் என்ன சொன்னா எனக்கென்ன?"

தேசிக் நோட்டைப் புரட்டினார். மெதுவாகக் கேட்டார்: "இதுல எதிர்ல உக்காந்தவா யாரு?"

"லாரிக்காரவுக, டிரெய்லர்காரவுக."

"ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிண்டு வந்தவாளா?"

பேச்சிச்செல்விக்குச் சுருக்கென்றது. கண் சொருகி உட்கார்ந்திருந்த ஆட்களை ஜெயித்த எழுபத்தொரு சதவீதம். குவியலின் அடியில் இருந்து பத்து வாளி! இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் செய்த அதே தப்பை, இத்தனை அனுபவத்துக்கு அப்புறம், சொந்த நோட்டில் செய்து வைத்திருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே எழுந்து போயிருப்பார்கள்.

அவள் போகவில்லை. தாளைத் திருப்பித் தேசிக் பக்கம் தள்ளினாள். "சரி சார். என் நோட்டு கழிச்ச கரி. ஒத்துக்கிடுதேன். அப்போ ஒம்ம நாப்பத்திநாலு எந்தக் குவியல்ல, எந்த எடத்துல அள்ளுனது?"

"அது... எல்லாரும் ஆடினது."

"எல்லாரும்னா யாரு? எனக்கு ஒரு வாரம் குடுங்க. சாம்பிள் எடுத்துக்கிட்டு வாரேன்."

தேசிக் ஒரு வாரம் கொடுத்தார்.

மறுநாள் கரி ஆய்வுக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் விஜிலாவைப் பிடித்தாள். விஜிலா அங்கே வேதியியல் பார்க்கிறவள், நாசரேத்துக்காரி, கணினியில் கெட்டி. சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்பதுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. அதுவே நல்லது என்று பேச்சிச்செல்வி நினைத்தாள். காய் தெரிந்தவளாக இருந்தால் நடுவில் கருத்துச் சொல்வாள்.

"ஏளா விஜிலா, ஒரு மாசத்துல இணையத்துல எவனெல்லாம் ஓரச் சிப்பாயத் தள்ளுனானோ அத்தனை ஆட்டத்தையும் எறக்கு."

விஜிலா இறக்கினாள். மூவாயிரத்து இருநூறு ஆட்டம் வந்தது.

"அக்கா, எல்லாத்தையும் பாக்கப் போறீங்களா?"

"எல்லாக் கரியையும் எரிச்சா பாக்கோம்? கலக்கி நாலாப் பிரி. எதிரெதிர் ரெண்ட வையி."

விஜிலா சிரித்துக்கொண்டே அப்படியே செய்தாள். மூவாயிரத்து இருநூறு ஆயிரத்து அறுநூறு ஆனது, அது எண்ணூறு ஆனது, அது நானூறு ஆனது. அந்த நானூறில் ஓரச் சிப்பாய்க்காரன் வென்றது நூற்று எழுபத்தாறு. கணக்குப் போட்டால் அச்சாக நாற்பத்துநாலு சதவீதம். "சாம்பிள் சரியாத்தான் எடுத்திருக்கு. வாத்தியார் பொய் சொல்லல" என்றாள் பேச்சிச்செல்வி. பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அவளுக்கு உற்சாகம்தான் கூடியது. குவியல் ஒன்றே, இனி உள்ளே குடைய வேண்டியதுதான்.

ஒரு நாளைக்கு எண்பது ஆட்டம் வீதம் ஐந்து நாள் குடைந்தாள். சாப்பாட்டு நேரத்திலும், கப்பல் வராத சாயங்காலங்களிலும், ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் ஆறு நகர்த்தலைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். மூன்றாவது நாள் மடிக்கணினித் திரையில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"இங்கன பாரு. இவனும் அதே கூத்துதான்."

"என்ன கூத்து?"

"சிப்பாயத் தள்ளுன உடனே யானைய வெளிய கொண்டாரான். பச்சப்புள்ள மாதிரி. எதிராளியோட மந்திரி குறுக்க வந்து யானையத் தூக்கிட்டுப் போவுது. ஆட்டம் அங்கனயே முடிஞ்சுது. இன்னைக்கு மட்டும் இது பதினேழாவது ஆளு."

விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. நேற்று ஆட்டம் கற்றவனுக்கு யானை மேல் ஆசை. யானைக்கு வழிவிட ஓரச் சிப்பாயைத் தள்ளுவான், யானையை ஓடவிடுவான், பறிகொடுப்பான். அப்படிப்பட்டவர்கள் எல்லாம் உருண்டு உருண்டு இந்த ஒரு தொடக்கத்தின் அடியில் வந்து சேர்ந்திருக்கிறார்கள், கட்டிக்கரி மாதிரி. அவர்களுடைய தோல்வியை அள்ளி எடுத்துத்தான் அந்த நாற்பத்துநாலு சதவீதம் சிப்பாயின் தலையில் கட்டியிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் அவள் நின்றுகொண்டே பேசினாள். கையில் விஜிலா அச்சடித்துக் கொடுத்த ஒரே ஒரு தாள்.

"நானூறு ஆட்டம். அதுல நூத்தி இருவத்தொண்ணுல ஆறு நகர்த்தலுக்குள்ள யானை வெளிய வந்திருக்கு. அந்த நூத்தி இருவத்தொண்ணுல செயிச்சது முப்பத்திநாலு. மிச்சம் இருநூத்தி எழுவத்தொம்பது. அதுல நூத்தி நாப்பத்திரெண்டு செயிச்சிருக்காவ. கணக்குப் போட்டுப் பாருங்க சார், நீங்கதான கணக்கு வாத்தியாரு."

தேசிக் கைப்பேசியில் தட்டினார். "அம்பத்தொண்ணு வரது." உடனே விரலை உயர்த்தினார். "ஆனா பேச்சிம்மா, மோசமான ஆட்டத்தை எல்லாம் தள்ளிட்டா மிச்சம் நன்னாத்தானே தெரியும்? எந்தத் தொடக்கத்துக்கும் இதைப் பண்ணலாமே."

டிக்சன் மேசையைத் தட்டினான். "அப்படிப் போடுங்க சார்!"

இந்தக் கேள்வி வரும் என்று பேச்சிச்செல்விக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷமாகக் கரி விற்கிறவனும் வாங்குகிறவனும் அவள் சாம்பிளில் ஓட்டை தேடினவர்கள். அவர்கள் கேட்காத கேள்வியா? "தோத்த ஆட்டத்த நான் தள்ளல சார். யானைய வெளிய விட்ட ஆட்டத்தத் தள்ளுனேன், அதுல செயிச்சவனும் போயிட்டான். நான் அந்த யானைய ஒரு நாளும் வெளிய விட்டதில்ல. ஒம்பது வருசமா நீங்களே பாத்திருக்கீய. எவனோ செஞ்ச தப்புக்கு என் சிப்பாய்க்கு ஏன் மார்க்கக் குறைக்கீய? அப்புறம், ஒம்ம நடுச் சிப்பாயையும் விடல. அதுலயும் நானூறு எடுத்து, நேத்து ஒரே நாள்ல விஜிலாவ வச்சுக் கணினியிலயே எண்ணுனோம். அதுல பச்சப்புள்ளைக செய்யித தப்பு ராணிய அவசரமா எறக்கது. அந்த ஆட்டங்களத் தள்ளிப் பாத்தோம். அதுவும் அம்பத்தொண்ணுதான்."

டிக்சன் தட்டின கையை மேசையில் இருந்து எடுத்துக்கொண்டான்.

"அப்போ உங்க தொடக்கம் நடுச் சிப்பாயைவிட ஒசத்தின்னு சொல்றேளா?" என்று தேசிக் கேட்டார். அது பொறி. ஆம் என்றிருந்தால் கவிழ்த்திருப்பார்.

"ஒசத்தின்னு சொல்ல மாட்டேன். நானூறு ஆட்டத்துல ரெண்டு மூணு சதவீதம் அங்கிட்டு இங்கிட்டு ஆடும். எங்க ரிப்போர்ட்டுலயே ‘இம்புட்டு கூடலாம், இம்புட்டு கொறையலாம்’னு போட்டுத்தான் கையெழுத்துப் போடுவாவ. குறைச்சல் இல்ல. அவ்வளவுதான் சொல்லுதேன்."

தேசிக் தாளை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷமாகச் சரி போட்டுப் பழகிய கையால், தாளின் ஓரத்தில் ஒரு சரி போட்டார். "நாலாவது மேசை பேச்சிம்மாவுக்கு" என்றார். டிக்சன் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு அவனே எழுந்து, "அப்போ மக்ரூன் டப்பா எனக்கு" என்றான்.

போட்டி நாசரேத்தில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். காலையில் இரண்டு சுற்று. இரண்டிலும் பேச்சிச்செல்விக்குக் கறுப்புக் காய். ஒன்று வெற்றி, ஒன்று சமன். மதியம் கடைசிச் சுற்று விளாத்திகுளத்து அணியோடு. ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை. இப்போதுதான் அவளுக்கு வெள்ளை வந்தது. எதிரில் சுடலைக்கண்ணு. விளாத்திகுளத்தில் உரக்கடை வைத்திருக்கிறவர், பெரிய மீசை, வாயில் எப்போதும் ஏலக்காய்.

பேச்சிச்செல்வி ஓரச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிக் கடிகாரத்தை அமுக்கினாள்.

சுடலைக்கண்ணு பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்தார். "கேள்விப்பட்டேன் தாயி. நாப்பத்திநாலு சதவீதம்தான? நானும் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். யானைய எப்ப வெளிய விடுவீய?"

"வரும்போது வரும் அண்ணாச்சி. ஒங்க காயப் பாருங்க."

சுடலைக்கண்ணு அவசரமாகத் தன் மந்திரியை நீட்டி, யானை வரக்கூடிய கட்டத்தைக் குறிவைத்து நிறுத்தினார். யானை வரவில்லை. பேச்சிச்செல்வி குதிரையை இறக்கினாள், நடுச் சிப்பாய்களைத் தள்ளினாள், மந்திரியை விட்டாள். பொறி வைத்தவர் பொறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது நகர்த்தலில் கோட்டை கட்டி ராஜாவை அவளுடைய வலப்பக்கம், ஓரச் சிப்பாய் நிற்கிற அதே பக்கம், கொண்டுபோய் வைத்தார். ராஜாவுக்கு முன்னால் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தூக்கி நிறுத்தி அந்த இடத்தில் இன்னொரு மந்திரியையும் உட்கார வைத்திருந்தார். நல்ல வீடுதான், நாற்பத்துநாலு சதவீதக்காரி எதிரில் இருந்தால் யாரும் அப்படித்தான் கட்டுவார்கள்.

பேச்சிச்செல்வி ஓரச் சிப்பாயை இன்னொரு கட்டம் தள்ளினாள். வாசலைத் தட்டியாகிவிட்டது.

மற்ற மூன்று மேசைகளும் முடிந்தன. ஒரு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். இனி எல்லாம் நாலாவது மேசையில். மண்டபம் முழுவதும் அந்த மேசையைச் சுற்றி வந்து நின்றது. தேசிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், வேர்த்துக் கொட்டியது. டிக்சன் ஒரு மக்ரூனை வாயில் போட்டுவிட்டுக் கடிக்க மறந்து நின்றான்.

ஓரச் சிப்பாய் எதிரியின் சிப்பாயோடு மோதி வெட்டுப்பட்டது. ஒன்றுக்கு ஒன்று. கணக்குக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் பாதை திறந்துவிட்டது. பேச்சிச்செல்வியின் யானை பிறந்த இடத்திலேயே, ஒரு கட்டம்கூட நகராமல், ஓரப்பாதை முழுவதையும் ஒரே பார்வையாகப் பார்த்துக்கொண்டு நின்றது.

சுடலைக்கண்ணு அப்போதுதான் மெல்லுவதை நிறுத்தினார்.

பேச்சிச்செல்வி மந்திரியைக் கொடுத்து, ராஜாவைக் காத்த மந்திரியை வாங்கினாள். வெட்டின இடத்தில் அவள் ராணி வந்து நின்றது. ராணிக்குப் பின்னால், அதே வரிசையில், வெகுதூரத்தில் யானை. சுடலைக்கண்ணு ஏழு நிமிஷம் யோசித்தார். ராஜாவுக்கு ஒரு பக்கம் அவருடைய யானையே அடைத்து நின்றது, முன்னால் அவருடைய சிப்பாயே அடைத்து நின்றது. குதிரையைக் கொண்டுவந்து ஒரு கட்டத்தை அடைத்தார். அடைக்க முடியாத இன்னொரு கட்டம் மூலையில் இருந்தது.

யானையின் காவலோடு ராணி மூலைக்குப் போனது. ராஜாவுக்குத் தப்ப ஒரு கட்டமும் இல்லை.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. யானை வெளிய வரவே இல்ல" என்றாள் பேச்சிச்செல்வி.

சுடலைக்கண்ணு பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கை கொடுத்தார். "நாப்பத்திநாலுன்னு சொன்னவன் எங்க இருக்கான்னு சொல்லுங்க தாயி. உரத்த எறக்கிட்டு நேரா அங்கதான் போறேன்" என்றார். சிரிப்பு வெடித்தது. டிக்சன் மக்ரூன் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினான். பாதி தரையில் கொட்டியது. உள்ளூர்க்காரி என்பதால் வேடிக்கை பார்க்க வந்திருந்த விஜிலா, குதிரை எப்படிப் போகும் என்று இன்னும் தெரியாமலேயே, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோப்பையை வாங்கும்போது தேசிக் அதைத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. நேராகப் பேச்சிச்செல்வி கையில் கொடுத்தார். ஒன்பது வருஷம் பெஞ்சில் மக்ரூன் டப்பாவைப் பிடித்த கை அது. கரி கழுவக் கழுவப் போகாத நகக்கண்ணோடு அந்தக் கை கோப்பையை இறுகப் பிடித்தது.

வண்டியில் திரும்பும்போது தேசிக் ஒரே குஷி. "பேச்சிம்மா, அடுத்த வருஷம் நாலு மேசையிலயும் ஓரச் சிப்பாய்தான். அதுதான் பெஸ்ட்டு ஓப்பனிங். இன்னிக்குப் பாத்தாச்சே!"

பேச்சிச்செல்வி மடியில் இருந்த கோப்பையை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு அவரைப் பார்த்தாள். "என்ன சார், கணக்கு வாத்தியாரு இப்படிப் பேசுதீய? ஒரு ஆட்டங்கது ஒரு வாளி. ஒரு வாளிய வச்சிக்கிட்டுக் கப்பலப் பத்திப் பேசலாமா? ஓப்பனிங் நல்லதா கெட்டதாங்கத இன்னும் நூறு ஆட்டம் போவட்டும், பொறவு பாப்போம்."

வண்டி கொஞ்ச தூரம் போனது. பேச்சிச்செல்வி கோப்பையை மறுபடி மடிக்கு இழுத்து, முந்தானையால் ஒரு துடை துடைத்தாள்.

"ஆனா ஆடுனவ நல்லா ஆடுனா" என்றாள். "அதுக்குச் சாம்பிள் வேண்டாம்."